பூ போயிருமே

பழைய கணக்கு நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. நெட்டையான நோட்டு, அட்டை நைந்து மஞ்சளேறிப் போனது. நடவுக்கு வந்த ஆட்களின் கூலி, உர மூடைக் கணக்கு, யார் வீட்டுக்கு எத்தனை கட்டு வைக்கோல் போனது என்பதெல்லாம் எழுதிய அந்த நோட்டின் நடுவில், பிள்ளையார் சுழி போட்டு, ‘கொடைக்கானல்’ என்று தலைப்பிட்ட ஒரு பக்கம். 1994ஆம் வருஷம் எழுதியது. எந்த பஸ், யார் யார் போவது, என்னென்ன எடுத்துக்கொள்வது, எவ்வளவு ஆகும் என்று கோடு கிழித்து, நான்கு பத்தியாகப் பிரித்திருக்கிறது. அந்தப் பக்கத்தில் உள்ளபடி நாங்கள் ஒருநாளும் போகவில்லை.

எங்கள் அலங்காநல்லூரிலிருந்து கொடைக்கானல் ஒன்றும் தூரதேசம் இல்லை. வாடிப்பட்டிக்குப் போய், கொடை ரோடு, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு என்று மேற்கே போனால் காட்ரோட்டில் மலை ஏறத் தொடங்கிவிடும். மொத்தம் நூறு கிலோமீட்டர் சொச்சம். மழை விட்ட மறுநாள் வாடிப்பட்டிப் பக்கம் நின்று பார்த்தால் மேற்கே நீலமாக ஒரு கரை தெரியும். அதுதான் கொடைக்கானல் மலை என்று அப்பா காட்டுவார். அம்மாவை அந்த நூறு கிலோமீட்டர் கூட்டிப்போக எங்களுக்கு 24 வருஷம் ஆனது.

எல்லாம் ஒரு தமிழ் வகுப்பில்தான் ஆரம்பித்தது. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. ஐந்திணையை நடத்திக்கொண்டிருந்த தமிழாசிரியர், வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம், நீங்கள் எல்லாரும் மருதத்துப் பிள்ளைகள் என்றார். பிறகு, குறிஞ்சி என்பது வெறும் திணையின் பெயர் அல்ல, அது நிஜமாகவே ஒரு பூ, பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் பூக்கும், இந்த வருஷம் கொடைக்கானலில் பூக்கிறது என்றார். அதற்கு முன் பூத்தது 1982இல். பழனி மலைப் பளியர்கள் எத்தனை குறிஞ்சி பார்த்தேன் என்று சொல்லித்தான் தங்கள் வயதைக் கணக்கிடுவார்கள் என்றும் சொன்னார். நான் ஒரு குறிஞ்சிக்கும் அடுத்த குறிஞ்சிக்கும் நடுவே வளர்ந்தவள் என்ற நினைப்பு அன்று முழுக்க என்னை விடவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து மூச்சுவிடாமல் சொன்னேன். அப்பா மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டார். அம்மா தவிட்டுத் தண்ணியைக் கலக்கிக்கொண்டிருந்தவர், கையை எடுக்காமல் ஒன்றே ஒன்று கேட்டார்.

“பூத்து முடிஞ்சா என்ன ஆகும்?”

“செடி செத்துப் போகுமாம்மா. விதை விழுந்து, அதுல இருந்து புதுசா முளைச்சு, திரும்பப் பூக்கப் பன்னெண்டு வருஷம்.”

“அம்புட்டு வருஷம் எதுக்கு?”

அந்தக் கேள்விக்கு அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பின்னால் படித்தேன். ஒரு மலைச்சரிவில் உள்ள செடிகளெல்லாம் ஒன்றாகப் பூத்து, ஒன்றாக விதை உதிர்த்தால், தின்ன வரும் பூச்சியும் பறவையும் எவ்வளவு தின்றாலும் மிச்சம் இருக்குமாம். தனியாக ஒரு செடி முந்திக்கொண்டால் அதன் விதைக்குப் பிழைப்பில்லை.

எங்கள் ஊரில் வெளியூர் போக நாள் குறிப்பது எப்படி என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரைக்கும் பெரியாறு கால்வாயில் 45,041 ஏக்கர் இருபோகப் பாசனம். எங்கள் வயல் அதில் ஒரு துண்டு. மழை ஒழுங்காக இருந்தால் ஆனி மாதவாக்கில் தண்ணீர் திறப்பார்கள். நாற்றுப் பாவி, ஆடியில் நட்டு, களை பறித்து, புரட்டாசி ஐப்பசியில் அறுப்பு. கை கழுவுவதற்குள் இரண்டாம் போகம். தை பிறந்தால் ஜல்லிக்கட்டு: ஒன்றாம் தேதி அவனியாபுரம், இரண்டு பாலமேடு, மூன்று எங்கள் ஊர் வாடிவாசல். மாசியில் மறுபடி அறுப்பு. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவார். அதற்குப் பின்னால் கிடைக்கும் வைகாசி வெயிலில்தான் மூச்சுவிட இடம். ஆனால் குறிஞ்சி பூப்பது ஆடியிலிருந்து புரட்டாசி வரை. சரியாக எங்கள் வயலில் கால் நனைந்திருக்கும் காலம்.

அப்பாவும் விடவில்லை. காலாண்டுப் பரீட்சை லீவில் போவது என்று முடிவானது. அதற்குத்தான் அந்தப் பட்டியல். வத்தலக்குண்டுக்கு எத்தனை மணி பஸ், அங்கிருந்து மலைக்கு எத்தனை மணி பஸ் என்று தெருவில் லாரி ஓட்டும் பெரியப்பாவிடம் கேட்டு எழுதினார்கள். புளிச்சோறு, கொண்டைக்கடலை, எலுமிச்சம்பழம் ஆறு, கம்பளி இரண்டு (கடன்), தலைக்கு மப்ளர் என்றெல்லாம் எழுதியிருக்கிறது. ‘கடன்’ என்பது தெருவில் கேட்டு வாங்குவது. எங்கள் ஊரில் கம்பளி வைத்திருந்தவர்கள் பட்டாளத்தில் இருந்து வந்தவர்கள் மட்டும்தான்.

மதுரைச் சீமையிலிருந்து கொடைக்கானலுக்குத் திட்டம் போட்ட முதல் ஆட்கள் நாங்கள் இல்லை. இதைப் பிற்பாடு கல்லூரி நூலகத்தில் படித்தபோது எனக்கு ஒரு சொந்தமே உண்டாகிவிட்டது. 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலிலும் காலராவிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள். குளிர்ந்த இடம் தேடி முதலில் அவர்கள் போனது சிறுமலைக்கு. எங்கள் வயல் வரப்பில் நின்றால் வடக்கே தெரியுமே, அதே சிறுமலை. அந்த உயரம் போதவில்லை. காய்ச்சல் அங்கேயும் பின்னால் வந்தது. அப்புறம்தான் இன்னும் உயரம் தேடி, ஏழாயிரம் அடியில் இருக்கும் கொடைக்கானலில் 1845இல் இரண்டு வீடுகள் கட்டினார்கள். மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863இல் ஓடையை மறித்துக் கரை போட்டதுதான் இன்று படகு விடுகிற ஏரி.

அந்தக் காலப் பயணத்துக்கு எங்கள் பட்டியலைவிட நீண்ட பட்டியல் வேண்டியிருந்திருக்கும். அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் இறங்கி, ராத்திரி முழுக்க மாட்டு வண்டியில் போய், பெரியகுளத்துப் பக்கம் கிருஷ்ணம்மா நாயக்கர் தோப்பில் இறங்குவார்கள். அங்கிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதை. முடிந்தவர்கள் நடந்தார்கள், சிலர் குதிரையில் போனார்கள், மற்றவர்களை நாற்காலியில் உட்கார வைத்து நம் ஆட்கள் தோளில் சுமந்து ஏறினார்கள். வத்தலக்குண்டுப் பக்கமிருந்து மோட்டார் போகிற மலைச்சாலை திறந்தது 1914இல்தான். மேலே போய் வீடு கட்டியவர்களின் பெயர்கள் எனக்குப் புத்தகத்தில் கிடைத்தன. சுமந்தவர்களைப் பற்றி நான் படித்ததெல்லாம் அரை வரி.

புறப்பட வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் கம்பளிகூட வந்து சேர்ந்துவிட்டது. அப்போது தண்ணீர் பாய்ச்சுகிறவர் வாசலில் வந்து நின்றார். கால்வாயில் முறை மாற்றிவிட்டார்கள், நமக்கு நாளை ராத்திரி என்றார். விட்டால் அடுத்த முறை எப்போதென்று சொல்ல முடியாது. பயிர் பொதி கட்டியிருந்த நேரம். அப்பா ஒன்றும் பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “மலை எங்கயும் போகாது பாப்பா. அடுத்த வாரம் போவோம்” என்றார்.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் மட்டும் வந்தது.

“பூ போயிருமே.”

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது.

2006 வந்தபோது எனக்குக் கல்யாணமாகி மதுரையில் குடியிருந்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. குறிஞ்சிப் பேச்சு அந்த வருஷம் ஊரெங்கும் இருந்தது. அதற்குத் தபால்தலை வெளியிட்டார்கள். கேரளத்தில் அதற்கென்றே ஒரு சரணாலயம் அறிவித்தார்கள். எங்கள் ஊரிலோ வேறு பேச்சு. அந்த மார்ச்சில்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஜல்லிக்கட்டுக்குத் தடை சொல்லியிருந்தது. வைத்திருப்பதா விற்பதா என்று தெரியாமல் மாடு வைத்திருந்த வீடுகளெல்லாம் தவித்தன. சிலர் விற்றே விட்டார்கள். எங்கள் வீட்டில் அப்போது இருந்தது காரி. அம்மா அதைக் கயிறு மாற்றிக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை.

அந்தப் புரட்டாசியில் அப்பா, நான், என் வீட்டுக்காரர், தம்பி, அத்தை ஐந்து பேரும் கொடைக்கானல் போனோம். அம்மா வரவில்லை. “காரிய யாரு பாக்குறது” என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டார். நாங்களும் அதற்குமேல் கேட்கவில்லை. அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மலையில் பாதி நாள் மேகம் மூடியிருந்தது. ஒரு சரிவில் பத்து நிமிஷம் வண்டியை நிறுத்தினார்கள், பார்த்தோம், பேரிக்காய் வாங்கினோம், இருட்டுவதற்குள் இறங்கிவிட்டோம்.

வீட்டுக்கு வந்து சேரும்போது ராத்திரி பதினொரு மணி. அம்மா விழித்திருந்தார். சோறு போட்டுக்கொண்டே, “பூ எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார்.

“நீலமா இருந்துச்சும்மா.”

“நீலம்னா? காக்கட்டான் நீலமா, கத்திரிப்பூ நீலமா?”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பன்னிரண்டு வருஷம் காத்திருந்து பார்த்த பூவின் நிறத்தை என் அம்மாவுக்கு என்னால் சொல்ல முடியவில்லை. அப்பாவைப் பார்த்தேன். அவருக்கும் தெரியவில்லை. அம்மா அதற்குமேல் கேட்காமல் குழம்பை ஊற்றினார். அந்தக் கேள்வி மட்டும் எனக்குள் உட்கார்ந்துகொண்டது.

2018 பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோதுதான் அந்த நோட்டு கைக்கு வந்தது. கொடைக்கானல் பக்கத்தைத் திறந்து திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். அதுவரை அப்பா போட்ட திட்டம் என்றே அதை நினைத்திருந்தேன். ‘போறவங்க’ என்ற பத்தியில் இப்படி இருந்தது: அவங்க, பாப்பா, தம்பி, மதினி, மதினி மகன். ஆக 5.

இரண்டு தடவை படித்தேன். அத்தையை ‘மதினி’ என்று எழுதக்கூடியவர் அந்த வீட்டில் ஒரே ஆள். அப்பாவின் பெயரைச் சொல்லாமல் ‘அவங்க’ என்று எழுதக்கூடியவரும் அவர்தான். எட்டாவது வரை படித்த, குண்டு குண்டாக அச்சுப்போல எழுதும் என் அம்மா, பஸ் நேரத்திலிருந்து எலுமிச்சம்பழம் வரை எல்லாவற்றையும் யோசித்து எழுதி, கூட்டல் போட்டு, தன்னை மட்டும் விட்டிருந்தார். கூட்டல் சரியாக இருந்தது.

நோட்டை எடுத்துப்போய் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “நானும் அன்னைக்கு எண்ணலையே” என்றார். கொஞ்சம் கழித்து, “இந்த வருஷம் திரும்பப் பூக்கும்ல?” என்று கேட்டார்.

“ஆமாப்பா.”

“ஒங்கம்மா போகட்டும். மாட்ட நான் பாத்துக்கிறேன்.”

சொல்வது லேசு. அப்போது வீட்டில் இருந்தது மயிலை. கன்றாக வந்தது. உச்ச நீதிமன்றத் தடையால் 2015இலும் 2016இலும் வாடிவாசல் திறக்கவே இல்லை. அந்த இரண்டு தையிலும் மயிலை கொட்டிலிலேயே நின்று வளர்ந்தது. 2017 ஜனவரியில் ஊரே தெருவில் உட்கார்ந்து போராடி, சட்டம் வந்து, பிப்ரவரி 10ஆம் தேதி எங்கள் ஊர் வாசல் திறந்தபோது முதன்முதலாக வெளியே வந்தது. யார் கைக்கும் பிடிபடாமல் வந்ததற்கு அன்று கிடைத்த அண்டா இன்னும் வீட்டில் இருக்கிறது.

பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துக் கூட்டிப்போகும் சாதுவான ஜல்லிக்கட்டுக் காளைகள் எங்கள் தெருவிலேயே உண்டு. மயிலை அப்படியில்லை. அம்மாவைத் தவிர யாரும் திமிலில் கை வைக்க முடியாது. அம்மா வாளியை வைத்தால்தான் வாய் வைக்கும். அப்பா பக்கத்தில் போனால் ஒரு சீற்றம், காலால் மண்ணைப் பறிக்கும், அவ்வளவுதான். அம்மா ஒருநாள் காய்ச்சலில் படுத்தபோது அது அன்று முழுக்கத் தண்ணீர் குடிக்கவில்லை. ராத்திரி அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் வாளியைத் தொடவைத்தோம்.

ஆகவே எங்கள் கொடைக்கானல் திட்டம் பஸ்ஸிலோ காரிலோ ஆரம்பிக்கவில்லை. மே மாதக் கடைசியில் மாட்டுக் கொட்டிலில் ஆரம்பித்தது.

முதல் பதினைந்து நாள் அப்பா ஒன்றும் செய்யவில்லை. அம்மா தண்ணீர் காட்டும்போது பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். பிறகு எட்டடி. பிறகு ஐந்தடி. ஆனி பிறந்ததும் வாளியின் ஒரு பக்கம் அம்மா, மறு பக்கம் அப்பா என்று பிடித்துக்கொண்டு போனார்கள். மயிலை நிமிர்ந்து பார்த்தது, மூசியது, குடிக்கவில்லை. மூன்றாம் நாள் குடித்தது. அம்மாவின் பழைய சேலையைக் கிழித்து அப்பா தோளில் போட்டுக்கொண்டார். பருத்திக்கொட்டை ஆட்டுவது, தவிடு பிசைவது, உளுந்தும் பேரீச்சம்பழமும் எவ்வளவு என்பதையெல்லாம் அம்மா சொல்லச் சொல்லக் கற்றுக்கொண்டார். நாற்பது வருஷமாகத் தன் வீட்டுக் கொட்டிலில் நடந்த வேலையை அறுபத்தெட்டு வயதில் அவர் முதன்முதலாகச் செய்தார். அம்மா மாட்டைக் கூப்பிட நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு சத்தம் எழுப்புவார். அப்பாவுக்கு அது வரவே இல்லை. சாயங்காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து பழகிக்கொண்டிருப்பார். நான் போன் செய்யும்போது பின்னால் அந்தச் சத்தம் கேட்கும்.

ஆடியில் ஒருநாள் அம்மா வைக்கோல் படப்புக்குப் பின்னால் மறைந்து நின்றுகொள்ள, அப்பா மட்டும் வாளியோடு போனார். மயிலை சுற்றிலும் பார்த்தது. அப்பா அந்தச் சத்தத்தைக் கொடுத்தார். அது முகர்ந்தது, தோளிலிருந்த சேலைத் துண்டை முகர்ந்தது, பின் குனிந்து குடித்தது. அம்மா படப்புக்குப் பின்னாலேயே நின்று அழுதாராம். தம்பி பெண்டாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மற்ற ஏற்பாடுகளை நான் பார்த்துக்கொண்டேன். சனி ஞாயிறில் போகக் கூடாது. படி ஏறாத அறை வேண்டும், அம்மாவுக்கு முட்டிவலி. குறிஞ்சி பார்க்கப் பதினொரு மணிக்குள் போய்விட வேண்டும், அதற்குமேல் மேகம் இறங்கிவிடும். அந்த மாதங்களில் பகலிலேயே இருபது டிகிரியைத் தாண்டாத ஊர், நாற்பதைப் பார்த்துப் பழகிய உடம்புக்குக் காதை மூடியிருப்பதுதான் முக்கியம். கொண்டை ஊசி வளைவில் குமட்டாமல் இருக்க, வயிற்றைக் காலியாகவும் விடக் கூடாது, நிரப்பவும் கூடாது. ஆகஸ்டில் முல்லைப் பெரியாறு அணை 142 அடியைத் தொட்டது என்று செய்தி வந்தபோது எங்கள் பக்கம் எல்லாரும் மகிழ்ந்தார்கள். எனக்கு மட்டும் 1994 ஞாபகம் வந்து வயிற்றைப் பிசைந்தது. “முறை வந்தா ஆள் விட்டுப் பாய்ச்சுவேன். நீ நாளக் குறி” என்றார் அப்பா.

அப்போது மலைக்கு வண்டியில் போக இ-பாஸ் எல்லாம் கிடையாது. அது 2024 மே 7 முதல் வந்தது, உயர் நீதிமன்ற உத்தரவுப்படி. 2025 ஏப்ரலில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வாரக் கடைசியில் 6,000 வண்டி என்று அளவும் வைத்தார்கள். மலை எவ்வளவு வண்டியைத் தாங்கும் என்று யாராவது கணக்குப் போட்டே ஆக வேண்டும். அதில் எனக்கு மறுபேச்சில்லை. போன கோடையில் என் மகள் அந்த இ-பாஸுக்குப் பதிந்துகொண்டிருந்தாள். வண்டி நம்பர் கேட்டது, தேதி கேட்டது, எத்தனை பேர் என்று கேட்டது. மகள் கேட்காமலே ‘4’ என்று போடப் போனாள். “நிறுத்து, எண்ணு” என்றேன். என் குரலைக் கேட்டு அவள் பயந்துவிட்டாள். அப்புறம் நோட்டை எடுத்துக் காட்டினேன்.

2018இல், பிள்ளையார் சதுர்த்தி கழிந்த அடுத்த வாரம் புறப்பட்டோம். தம்பி வண்டி ஓட்டினான். அதிகாலை நாலு மணி. அம்மா மூன்று மணிக்கே எழுந்து குளித்துவிட்டுக் கொட்டிலுக்குப் போனார். அப்பா கூடவே போனார். டார்ச் வெளிச்சத்தில் இருவரும் மயிலைக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. வரும்போது அம்மா தன் தோளில் போட்டிருந்த துண்டை எடுத்து அப்பாவிடம் கொடுத்தார்.

வத்தலக்குண்டில் விடிந்தது. டீ குடிக்க நிறுத்தினோம். வாடிவாசல் என்ற கதையை எழுதிய சி.சு. செல்லப்பா இந்த ஊர்க்காரர்தான் என்று சொன்னேன். “நம்ம வாடிவாசலையா?” என்றார் அம்மா. ஜல்லிக்கட்டைத்தான், முழுக் கதையும் அது ஒன்றுதான் என்றேன். “அப்ப மாடு பழகுனவருதான்” என்று டீக்கடைத் தெருவை ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டார்.

காட்ரோடு தாண்டி ஏறத் தொடங்கியதும் அம்மா ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தார். கீழே புளி, மா, இலவம். அவருக்குத் தெரிந்த மரங்கள். பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு மலைவாழை, காப்பிச்செடி. அதற்கும் மேலே பெயர் தெரியாத மரங்கள் வந்தபோது பேச்சு நின்றது. டம்டம் பாறையில் இறங்கி எதிர்மலையைக் காட்டினேன். எலிவால் அருவி, பாறையில் ஒட்டிய வெள்ளை நூல்போலத் தொங்கியது. கிட்டத்தட்ட ஆயிரம் அடி.

“அந்தத் தண்ணி எங்குட்டுப் போகுது?”

“மஞ்சளாறும்மா. அணைக்கட்டு கீழ தெரியுது பாருங்க. அங்கிருந்து போய் வைகையில சேருது.”

அம்மா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். “அப்ப பேரணைக்கு வரும். நம்ம கால்வாய்க்கு வரும்.” அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். வண்டியில் ஏறியதும், “ஒங்கப்பாகிட்ட சொல்லணும்” என்றார்.

வெள்ளி நீர்வீழ்ச்சியில் குரங்குகள். செண்பகனூர் தாண்டியதும் குளிர். ஊருக்குள் நிற்காமல் நேரே பூம்பாறைச் சாலையில் போனோம். ஒன்பதரை இருக்கும். வெயில் சரிவில் விழுந்திருந்தது. தம்பி வண்டியை ஓரங்கட்டினான்.

சரிவு முழுக்க இடுப்பளவு புதர், முழுக்கப் பூ. நான் ஒன்றும் சொல்லவில்லை. 2006இல் சொல்லத் தெரியாமல் நின்றவள், இந்த முறை அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டார். ஏன் கழற்றினார் என்று கேட்கவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, ஒரு கிளையைக் கைக்குள் ஏந்திப் பார்த்தார். பறிக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு முன்னே, “பறிக்க மாட்டேன்” என்றார்.

“கதிர் வச்சிருக்கு பாரு, கனகாம்பரமாட்டம். கதிர்ல அடுக்கடுக்கா வந்து விரியுது. கனகாம்பரச் சாதிதான் இது.”

வீட்டுக்கு வந்து பார்த்தேன். தாவரவியலில் குறிஞ்சியும் கனகாம்பரமும் ஒரே குடும்பம். நாற்பது வருஷம் கனகாம்பரம் கட்டிய விரலுக்கு அது ஒரு நொடியில் தெரிந்திருக்கிறது.

“நிறம்?” என்று கேட்டேன்.

அம்மா இன்னொரு கிளையை இழுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். “புதுசா விரிஞ்சது வெளுத்த காக்கட்டான். ரெண்டு நாள் ஆனது கத்திரிப்பூ. ரெண்டும்தான்.”

அப்போது என் போன் அடித்தது. அப்பா. மலைச்சரிவில் சிக்னல் விட்டு விட்டு வந்தது. அம்மாவிடம் கொடுத்தேன். அவர் எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்து காதில் வைத்துக்கொண்டார்.

“குடிச்சிட்டான்” என்ற அப்பாவின் குரல் எனக்கே கேட்டது.

“எத்தன வாளி?”

“ரெண்டு.”

“மூணு குடிப்பானே.”

“வாசலையே பாத்துக்கிட்டு நின்னான். சாயங்காலம் மூணு குடிப்பான். நீ பூவப் பாத்தியா?”

“பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். வைங்க” என்று சொல்லி போனை என்னிடம் நீட்டிவிட்டு, கையை ஊன்றி எழுந்து, அம்மா அடுத்த புதருக்குப் போனார்.